நரி பேசுமா?

பாட்டி வடை சுட்ட கதையை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. காக்கை வடையைத் தூக்கிக்கொண்டு போய் மரக்கிளையில் உட்கார்ந்ததும், கீழே வந்து நின்ற நரி அதன் குரலைப் புகழ்ந்து ஒரு பாட்டுப் பாடச் சொன்னதும், காக்கை வாயைத் திறக்க வடை விழுந்ததும் நமக்கெல்லாம் எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்னரே தெரிந்த சங்கதிகள். இதே கதை, வடைக்குப் பதிலாகப் பாலாடைக்கட்டியை வைத்துக்கொண்டு, ஐரோப்பாவில் ஈசாப்பின் பெயரால் நெடுங்காலமாக வழங்கி வந்து, 17-ஆம் நூற்றாண்டில் லா ஃபோன்தேன் என்னும் பிரெஞ்சுக் கவிஞரின் கையில் அழகிய செய்யுளாகி, அந்நாட்டுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பாடமாகவும் ஆயிற்று. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் கேட்டு மகிழ்ந்த இக்கதையைப் பற்றி, 1762-ஆம் ஆண்டில் வெளிவந்த 'எமீல்' என்ற நூலில், ரூஸோ ஒரு கேள்வியை எழுப்பினார். நரி பேசுமா? பேசுமாயின், நரிகளின் பாஷையும் காக்கைகளின் பாஷையும் ஒன்றுதானா? பிள்ளை இப்படிக் கேட்டுவிட்டால் உபாத்தியாயர் என்ன விடை சொல்வார் என்பது அவருடைய கவலை.

ரூஸோவின் ஆட்சேபம் அத்துடன் நிற்கவில்லை. அச்செய்யுளை அடியடியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, இந்தச் சொல் பிள்ளைக்கு விளங்காது, இந்த வருணனை இயற்கைக்கு ஒவ்வாது, இதைக் கேட்கும் பிள்ளை ஏமாந்த காக்கைக்கு இரங்குவதை விட்டு ஏமாற்றிய நரியாக இருக்கவே விரும்பும் என்றெல்லாம் வாதித்து, பால பருவம் கழியும் வரையில் பிள்ளையின் கையில் புத்தகமே கொடுக்கலாகாது என்றும், அதற்குப் பின்னும் முதன்முதலாகக் கொடுக்கத் தக்கது, தனித் தீவில் ஒதுங்கிய ஒருவன் தன் கைகளையே நம்பிப் பிழைத்த கதையாகிய 'ராபின்சன் குரூஸோ' ஒன்றே என்றும் அவர் முடிவு கட்டினார். இவ்வளவு அக்கறையோடு அவர் வளர்த்த எமீல் என்ற அந்தப் பிள்ளையே ஒரு கற்பனை. தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதியில் சேர்த்துவிட்டதை ரூஸோ தம் சுயசரிதத்தில் தாமே எழுதியிருக்கிறார். கதையையும் மெய்யையும் குழந்தை குழப்பிக்கொள்ளும் என்று அஞ்சியவர்களின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர் இந்த முரண்பாட்டை மறக்கலாகாது. அஞ்சியவர் எல்லோரும் பெரியவர்கள். அவர்கள் மனத்தில் நின்ற குழந்தையோ பெரும்பாலும் அவர்களே சிருஷ்டித்துக்கொண்டது.

இக்கேள்வி அதற்கு முன் எழாமற்போனதற்குக் காரணம் உண்டு. வாயால் கதை சொன்ன காலத்தில் கதைக்கு வேலி ஒன்று இருந்தது. 'ஒரு ஊரிலே ஒரு ராஜா' என்று பாட்டி தொடங்கும்போதே, அது எந்த ஊர், எந்த ராஜா என்று கேட்கலாகாது என்பது குழந்தைக்குப் புரிந்துவிடும். கேட்கிற பிள்ளை வாக்கியத்துக்கு வாக்கியம் 'உம்' கொட்ட வேண்டும் என்பது நம் வீடுகளில் எழுதாச் சட்டம். உம் கொட்டுகிற வரையில் கதைக்குள்ளும், உம் நின்றுவிட்டால் உறக்கத்துக்குள்ளும் பிள்ளை இருக்கிறது என்று பொருள். ருஷ்யக் குடியானவர்களின் கதைசொல்லிகள் இன்னும் ஒரு படி மேலே போய், ராஜகுமாரனின் கலியாண விருந்துக்குத் தாங்களும் போயிருந்ததாகவும், அங்கே குடித்த தேன்மது மீசை வழியாக ஒழுகிற்றேயன்றி வாய்க்குள் ஒரு சொட்டும் போகவில்லை என்றும் சொல்லிக் கதையை முடிப்பார்கள். கேட்டதெல்லாம் பொய் என்பதை இதைவிட இங்கிதமாக எப்படிச் சொல்வது? விஷ்ணுசர்மா மூன்று அரசகுமாரர்களை ஆறே மாதத்தில் அறிவாளிகளாக்குவதற்குப் பேசும் காளையையும் நரியையும் கருவியாகக் கொண்டபோது, காளை பேசுமா என்று அந்த மந்தபுத்திப் பிள்ளைகள்கூடக் கேட்டதாகப் பஞ்சதந்திரத்தில் இல்லை. தாண்டவராய முதலியார் அதைத் தமிழ் வசனமாக்கி 1826-இல் சென்னையில் அச்சேறிய பின்பும், நம் நாட்டில் எவரும் அந்த ஆட்சேபத்தைக் கிளப்பியதாகத் தெரியவில்லை.

அச்சு, வேலியைப் பிடுங்கிப் போட்டது. புத்தகத்துக்குக் கண் சிமிட்டத் தெரியாது. குரலைத் தாழ்த்தவும் உயர்த்தவும் தெரியாது. மெய்யான வரலாறும் பூதக்கதையும் ஒரே மாதிரியான கறுப்பு எழுத்துக்களில் ஒரே முகத்தோடு நிற்கும். இங்கிலாந்தில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில், ஒரே தாளை 24 பக்கங்களாக மடித்து, கரடுமுரடான மரச்செதுக்குப் படங்களோடு ஒரு பென்னிக்குக் கூடைக்காரர்கள் ஊர் ஊராகச் சுமந்து விற்ற சிறு பிரசுரங்கள் ஏராளம். அரக்கர்களைக் கொன்ற ஜாக்கின் கதையும், மகான்களின் சரித்திரமும், தூக்கிலிடப்பட்ட கொலைகாரனின் கடைசி வாக்குமூலமும் ஒரே கூடையில் கிடந்தன. எது நடந்தது, எது புனைந்தது என்று பிரித்துச் சொல்வார் இல்லை.

ஜான் லாக் என்னும் தத்துவ ஞானி 1693-இல் வெளியிட்ட கல்வி பற்றிய நூலில் இந்த அச்சத்தின் பழைய குரல் ஒன்றைக் கேட்கிறோம். ஆனால் அவர் குறை கூறியது புத்தகங்களையல்ல. பிள்ளைகளை அடக்கிவைப்பதற்காக இருட்டில் பூச்சாண்டி இருக்கிறான் என்று பயமுறுத்தும் வேலைக்காரர்களையே அவர் கண்டித்தார். இளமையில் இருளோடு பேயைச் சேர்த்து மனத்தில் பதித்துவிட்டால், பின்னர் எவ்வளவு அறிவு வந்தாலும் அந்தச் சேர்க்கை பிரியாது என்பது அவர் கொள்கை. ஈசாப்பின் கதைகளையோ அவர் படங்களோடு கொடுக்கும்படி விரும்பிச் சிபாரிசு செய்தார்; பேசும் நரியிடம் அவருக்குப் பகைமை இல்லை. பொய் என்று தெரிந்து மகிழ்வதற்கும், மெய் என்று நம்பி நடுங்குவதற்கும் உள்ள பேதத்தை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். அவரைப் பின்பற்றியதாகச் சொல்லிக்கொண்ட பிற்காலத்தார் பலரிடம் அந்த நிதானம் காணப்படவில்லை.

அவ்வாறு வந்தவர்களில் மறக்கத்தகாதவர் சாரா டிரிம்மர் என்ற மாது. லண்டனுக்கு அருகே பிரென்ட்ஃபர்ட் என்னும் ஊரில், பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்று, அவர்களுக்குத் தாமே பாடம் சொல்லி வளர்த்து, ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியும் நடத்திய அந்த அம்மையார், பிராணிகளிடம் இரக்கம் காட்டப் பழக்குவதற்காக 1786-இல் ஒரு கதைப் புத்தகம் எழுதினார். ஒரு பிரபுவீட்டுத் தோட்டத்துச் சுவரில் கூடு கட்டிய ராபின் குருவிக் குடும்பம். தாய், தந்தை, நான்கு குஞ்சுகள். அக்குஞ்சுகளுக்குப் பெயர்கள், குணங்கள், சண்டைகள். இன்னொரு பக்கத்தில் அவ்வீட்டுப் பிள்ளைகள் இருவர். குருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல் இக்கதை ஓரடியும் நகராது. ஆனால் எழுதியவரோ கற்பனையை நம்பாதவர். ஆகவே அவர் முன்னுரையிலேயே வாசற்காவல் வைத்தார். இதைப் படிக்கப்போகிற பிள்ளைகளுக்கு, இவை பறவைகளின் உண்மையான சம்பாஷணைகள் அல்ல, அவற்றை மனிதர் அறிந்துகொள்வது இயலாத காரியம், ஒழுக்கம் புகட்டுவதற்காகப் புனைந்த கதைகளே இவை என்று முன்னதாகவே போதிக்கப்பட்டது என்ற கருத்துப்பட அதில் எழுதினார். நூலின் தலைப்பிலேயே 'கற்பனைச் சரித்திரங்கள்' என்று பொருள்படும் சொற்களைப் பொறித்தார். மெய்யையும் புனைவையும் பிரித்துக் காட்டுவதற்காகக் குழந்தைப் புத்தகத்தின் வாயிலிலேயே நாட்டிய எச்சரிக்கைப் பலகைகளில் இது குறிப்பிடத்தக்கது. பாட்டியின் 'ஒரு ஊரிலே' செய்துவந்த வேலையை அச்செழுத்தைக்கொண்டு செய்விக்க முயன்றது அது.

காவலைத் தாண்டி உள்ளே போனால் நடப்பது வேறு. இரை தேடப் போன தாய்க்குருவி திரும்பி வந்தபோது குஞ்சுகள் நடுநடுங்கிக் கிடக்கின்றன. பயங்கரமான ஒரு ராட்சதன் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தானாம். பெரிய சிவந்த வட்ட முகமாம். உருட்டி விழிக்கும் கண்களாம். வாய்க்கு மேலே தொங்கும் ஓர் அலகாம். ராட்சதன் வேறு யாருமல்லன், கொடிகளை விலக்கிப் பார்த்த தோட்டக்காரன். அலகு என்றது அவன் மூக்கை. எந்தப் பூதக்கதையைத் தம் பேரக்குழந்தைகள் படிக்கலாகாது என்று அம்மையார் நினைத்தாரோ, அதன் ரசம் முழுவதையும் இந்த ஓர் இடத்தில் அவருடைய பேனாவே பருகிவிட்டது. மனிதனைப் பூதமாகக் காணும் பார்வையைக் குருவிக்குஞ்சின் கண்வழியே படிக்கும் குழந்தைக்குக் காட்டி, அதே சமயத்தில் அது வெறும் தோட்டக்காரனே என்ற உண்மையையும் அதன் கையில் கொடுத்துவிடும் இந்தக் கட்டம், முன்னுரையின் போதனையைக் காட்டிலும் பன்மடங்கு நுட்பமானது என்பது என் அபிப்பிராயம். அவர் அதை அறிந்து செய்தாரா என்று சொல்வதற்கில்லை.

பிற்காலத்தில் அவர் மேலும் கண்டிப்பானார். 1802 முதல் 1806 வரை குழந்தைப் புத்தகங்களை மதிப்பிடுவதற்கென்றே ஒரு பத்திரிகை நடத்தி, சிண்டரெல்லாவைப் போன்ற கதைகளுக்கு எதிரான கண்டனங்களுக்கும் அதில் இடமளித்தார். தாமே சிறு பிராயத்தில் சிவப்புக் குல்லாய்ச் சிறுமியின் கதையையும் நீலத்தாடிக்காரன் கதையையும் எவ்வளவு ஆவலோடு படித்தும் கேட்டும் மகிழ்ந்தார் என்பதை அதில் மறைக்காமல் ஒப்புக்கொண்டு, ஆனால் அத்தகைய உணர்ச்சிகள் தம் பேரக்குழந்தைகளின் உள்ளத்தில் எழுவதை விரும்பவில்லை என்று முடித்தார். அந்தக் கதைகளைப் படித்ததனால் தமக்கு என்ன கெடுதி விளைந்தது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அவர் காலத்திலேயே அயர்லாந்தில் எட்ஜ்வொர்த் குடும்பம் வேறொரு வழியை நாடியது. நான்கு மனைவியரிடம் இருபத்திரண்டு குழந்தைகளைப் பெற்ற ரிச்சர்ட் எட்ஜ்வொர்த், மூத்த மகனை ரூஸோவின் நூலில் உள்ளபடியே வளர்த்துப் பார்த்து, பிள்ளை கட்டுக்கடங்காமற் போனதைக் கண்டவர். ஆகையால் பின்வந்த குழந்தைகளிடம் கொள்கையைவிடக் கவனிப்பையே நம்பினார். அவரும் அவர் மகள் மரியாவும் சேர்ந்து 1798-இல் வெளியிட்ட கல்வி நூல், குழந்தைகள் உண்மையில் என்ன சொன்னார்கள், எப்படி நடந்துகொண்டார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. ஆயினும் அரக்கரும் மாயக்கோட்டைகளும் அந்த வீட்டிலும் வரவேற்கப்படவில்லை. குழந்தைகளுக்குக் குழந்தைகளைப் பற்றிக் கேட்கப் பிரியமில்லை, அரக்கர்களையும் கோட்டைகளையும் பற்றிக் கேட்கவே பிரியம் என்று டாக்டர் ஜான்சன் கூறியிருந்ததை எடுத்துக்கொண்டு, பயனுள்ள அறிவுக்கு இருக்கிற இடத்தை விபரீதக் கற்பனைகளால் ஏன் நிரப்ப வேண்டும் என்று தந்தை எட்ஜ்வொர்த் கேட்டார். நல்லொழுக்கப் புத்தகங்கள் ஏராளமாக விற்பனையாகின்றனவே என்று ஜான்சனிடம் ஒருவர் சொன்னபோது, புத்தகத்தை வாங்குபவர் பெற்றோர், குழந்தைகள் அவற்றைப் படிப்பதேயில்லை என்று அந்தக் கிழவர் பதில் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. இன்றைய பதிப்பாளர்களும் சற்று யோசிக்கத்தக்க பேச்சு.

ஆயினும் மரியா எழுதிய ஊதா ஜாடிக் கதையைக் குழந்தைகள் படித்தார்கள், நெடுங்காலம் மறக்கவுமில்லை. ரோஸமண்ட் என்ற ஏழு வயதுச் சிறுமி தாயோடு லண்டன் கடைவீதியில் நடந்துபோகிறாள். மருந்துக்கடை ஜன்னலில் நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள், ஊதா என்று ஜாடிகள் ஜொலிக்கின்றன. அவளுடைய செருப்போ தேய்ந்து கிழிந்திருக்கிறது. புதுச் செருப்பு, ஊதா ஜாடி இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்கிறாள் தாய். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒருவேளை உனக்கு ஏமாற்றமாக இருக்கலாம் என்று ஒரு குறிப்பும் தருகிறாள். சிறுமி ஜாடியையே வாங்குகிறாள். வீட்டுக்கு வந்து பூச்செருகுவதற்காக உள்ளேயிருந்ததைக் கொட்டினால், நாற்றமடிக்கும் கறுத்த நீர் வடிந்துபோக, கையில் மிஞ்சுவது சாதாரண வெள்ளைக் கண்ணாடி. தாயின் கண்டிப்பைப் பலர் பிற்காலத்தில் குறைகூறினார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. பூதமோ தேவதையோ ஒன்றும் இல்லாத கதை இது. சிறுமியை மயக்கியது மந்திரவாதி அல்லன், கடைக்காரனின் ஜன்னல். தோற்றத்தை உண்மையென்று கொள்ளும் பிரமைக்குக் கற்பனைக் கதைகள்தான் காரணம் என்ற கட்சிக்கு, அந்தக் கட்சியைச் சேர்ந்தவரே எழுதிய மிகச் சிறந்த மறுப்பு இது.

எதிர்க்கட்சியில் கவிஞர்கள் நின்றார்கள். கோல்ரிட்ஜ், தமது இளமையைப் பற்றி 1797-இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதங்களில், ஆறு வயதில் அரபுக் கதைகளைப் படித்ததை விவரிக்கிறார். மாலை வேளையில், தாய் பக்கத்தில் உட்கார்ந்து காலுறைகளைத் தைத்துக்கொண்டிருக்கையில் படித்த ஒரு கதை அவர் மனத்தில் ஆழப் பதிந்து, அதன்பின் இருட்டில் இருக்கும்போதெல்லாம் பேயுருவங்கள் அவரைத் தொடர்ந்தன. புத்தகம் ஜன்னலில் கிடக்கும். அதை எடுக்கவும் பயம், விடவும் மனமில்லை. காலை வெயில் வந்து அதன்மேல் படுகிற வரையில் காத்திருந்து, வெயில் பட்டதும் பாய்ந்து எடுத்துக்கொண்டு சுவரோரமாக வெயிலில் உட்கார்ந்து படிப்பாராம். பாதிரியாராக இருந்த தந்தை, பிள்ளை இப்படி ஆவதைக் கண்டுபிடித்துப் புத்தகங்களை எரித்துவிட்டார்.

டிரிம்மர் அம்மையார் இந்தக் கடிதத்தைக் கண்டிருந்தால் தம் கட்சிக்குச் சாட்சி கிடைத்தது என்று மகிழ்ந்திருப்பார். ஆனால் பாதிக்கப்பட்டவரே மாறான தீர்ப்புச் சொல்கிறார். அரக்கர், மந்திரவாதிகள், பூதங்கள் பற்றிய கதைகளைப் பிள்ளைகள் படிக்கலாமா என்று தாமே கேட்டு, அதற்கு விரோதமாகச் சொல்லப்படுவதையெல்லாம் தாம் அறிவதாகவும், ஆயினும் படிக்கலாம் என்பதே தம் உறுதியான நம்பிக்கை என்றும், அப்படிப் படித்ததனாலேயே மகத்தானவற்றை எண்ணும் பழக்கம் தம் மனத்துக்கு வாய்த்தது என்றும் எழுதுகிறார். பிள்ளை அஞ்சியது மெய். ஆனால் வெயிலில் அந்த அச்சம் தெளியும் என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அச்சத்தை நம்பிக்கையாக எண்ணி மயங்கியவர் தந்தையே.

கோல்ரிட்ஜின் நண்பரான சார்லஸ் லாம், 1802-இல் அவருக்கு எழுதிய கடிதத்தில் கொதித்தெழுந்தார். அவர் சகோதரி மேரி, பழைய குழந்தைக் கதைப் புத்தகம் ஒன்றை வாங்க நியூபெரியின் புத்தகசாலைக்குப் போனபோது, கடைச்சிப்பந்தி அதை ஒரு மூலை அலமாரியிலிருந்து வேண்டாவெறுப்பாக எடுத்துக் கொடுத்தானாம். பார்பால்ட் அம்மையாரின் பாடப்புத்தகங்களோ கடையெங்கும் குவிந்து கிடந்தனவாம். லாம் அந்த அம்மையாரைச் சபித்த சபிப்பு இலக்கிய உலகில் பிரசித்தமாகிவிட்டது. அது முற்றும் நியாயமன்று. பார்பால்ட், தாம் சுவீகரித்து வளர்த்த சிறுவனுக்காக 1778-இலும் அடுத்த ஆண்டிலும் எழுதிய வாசகங்கள், குழந்தையின் கண்ணுக்கேற்ற பெரிய எழுத்து, அகன்ற ஓரம், தாயும் பிள்ளையும் பேசும் சிறு வாக்கியம் ஆகிய நற்பழக்கங்களைக் குழந்தைப் புத்தகத்துக்குக் கொண்டுவந்தவை. கோல்ரிட்ஜ் அவருக்குச் சொன்ன பதில் இன்னும் நயமானது. முதிய மாலுமியைப் பற்றிய அவருடைய கவிதை நம்பத்தகாதது, நீதியும் இல்லாதது என்று பார்பால்ட் குறைகூறியபோது, நீதி இல்லை என்பதல்ல, நீதி மிஞ்சிவிட்டது என்பதே தம் குறை என்றார் அவர். கிணற்றருகே உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்று கொட்டையை எறிந்த வியாபாரியின்முன் பூதம் ஒன்று கிளம்பி, உன் கொட்டை என் மகனின் கண்ணைக் குருடாக்கிவிட்டது, ஆகையால் உன்னைக் கொல்ல வேண்டும் என்று சொல்கிற அரபுக் கதையில் எவ்வளவு நீதி உண்டோ அவ்வளவே தம் கவிதையிலும் இருந்திருக்க வேண்டுமாம்.

19-ஆம் நூற்றாண்டின் எஞ்சிய பகுதியை விரைந்து கடக்கலாம். கிரிம் சகோதரர்களின் தொகுப்பு 1823-இல் ஆங்கிலத்துக்கு வந்தது. தேவதைகளுக்கு மெல்ல மெல்ல வெற்றி கிட்டிற்று. டிக்கன்ஸ் 1854-இல் எழுதிய 'கஷ்ட காலம்' என்ற நாவலின் பள்ளிக்கூடக் காட்சியில், அறைச்சுவர்களில் குதிரைகள் மேலும் கீழும் நடப்பதை நீங்கள் எப்போதேனும் பார்த்ததுண்டா, இல்லையாதலால் குதிரைப்படம் போட்ட காகிதத்தைச் சுவரில் ஒட்டலாமா என்று அதிகாரி ஒருவர் பிள்ளைகளை மிரட்டுகிறார். ரூஸோவின் நரி அங்கே குதிரையாகி, விமரிசனத்திலிருந்து விகடத்துக்கு வந்துவிட்டது.

20-ஆம் நூற்றாண்டில் வழக்கு மறுவிசாரணைக்கு வந்தது. இம்முறை வாதிகள் ஒழுக்கத்தின் பெயரால் பேசாமல் விஞ்ஞானத்தின் பெயரால் பேசினார்கள். 1907-இல் ரோமாபுரியில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, சிறு குழந்தை தேவதைக் கதையை நம்புவது கற்பனைத் திறனுக்கு அடையாளமன்று, எதையும் நம்பும் பேதைமைக்கே அடையாளம் என்றும், பொருள்களைத் தொட்டும் நிறுத்தும் அளந்தும் பெற்ற அநுபவத்தின்மீதே கற்பனை எழ வேண்டும் என்றும் கருதினார். நியூயார்க்கில் லூசி ஸ்ப்ரேக் மிட்செல் 1921-இல் வெளியிட்ட கதைத் தொகுதியில் ராஜாவும் ராணியும் இல்லை. குழந்தை தெருவில் காணும் குதிரையும், துறைமுகத்தில் காணும் இழுவைப் படகும், உயர்ந்த கட்டடங்களுமே பாத்திரங்கள். மெய்யான உலகில் கால் ஊன்றிய பிறகு மாய உலகுக்குப் போகட்டும் என்பது அவர் வாதம். இதில் நியாயம் இல்லாமலில்லை.

மாண்டிசோரியின் கதையில் நமக்கு ஒரு தனி உரிமை உண்டு. பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று 1939-இல் அவர் அடையாற்றுக்கு வந்து, ஏறக்குறைய முந்நூறு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டில் இத்தாலி யுத்தத்தில் புகுந்ததும் பகைநாட்டுப் பிரஜையாகக் கருதப்பட்டு, பின்னர் கோடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கி, 1946-இல்தான் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாயக் கதைகளை மறுத்த அவர், இங்கே தங்கியிருந்த காலத்தில் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கல்வியை வகுத்தபோது, பிரபஞ்சத்தின் தோற்றத்தையும் உயிர்களின் வருகையையும் பெருங்கதைகளாகச் சொல்லி அவர்களுடைய கற்பனையைத் தூண்ட வேண்டும் என்றார். தடை, வயதைப் பற்றியதாகவே இருந்தது.

மிகக் கடுமையான வழக்கு நடந்த இடம் ருஷ்யா. கொர்னேய் சுகோவ்ஸ்கி எழுதிய 'முதலை' என்ற கதைப்பாட்டில் முதலை சிகரெட் பிடித்துக்கொண்டு பட்டணத்து வீதியில் உலாவுகிறது. லெனினின் மனைவியாரும் கல்வி இலாகாவின் தலைவர்களில் ஒருவருமான குருப்ஸ்காயா, 1928 பிப்ரவரியில் 'பிராவ்தா' பத்திரிகையில் அதைக் கண்டித்து எழுதினார். முதலையின் மெய்யான வாழ்க்கையைப் பற்றி அறிவதை விட்டு, அதைப் பற்றிய நம்பவொண்ணாத உளறலைக் குழந்தைகள் கேட்கிறார்கள் என்பது அவர் குறைகளில் ஒன்று. அந்தக் காலத்தில் அந்த இடத்திலிருந்து வந்த கண்டனம் சாமானியமானதன்று. கார்க்கி ஆதரித்து எழுதியும் சுகோவ்ஸ்கியின் குழந்தை நூல்களுக்குத் தொல்லை நீங்கவில்லை. அடுத்த ஆண்டில் கிரிமியாவின் அலுப்கா என்ற ஊரில், நோயுற்ற குழந்தைகள் தங்கிய விடுதியில், அண்டப்புளுகனான முன்ஷௌசன் பிரபுவின் கதைகளை அவர் படித்துக் காட்ட, குழந்தைகள் சிரித்துக் கும்மாளமிட்டபோது, அங்கிருந்த போதகாசிரியை ஒருவர் புத்தகத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டார். அது பொய் என்று தெரிந்ததனாலேயே குழந்தைகள் சிரித்தார்கள் என்பதை அந்த அம்மாளுக்கு விளக்க முடியவில்லை.

சுகோவ்ஸ்கியின் விடை, பின்னாளில் 'இரண்டு முதல் ஐந்து வரை' என்று பெயர் பெற்ற நூலில் இருக்கிறது. அவருடைய மகள் இரண்டு வயது நிரம்புவதற்கு ஒரு மாதம் இருக்கையில், ஒருநாள் குறும்பும் கூச்சமும் கலந்த முகத்தோடு அவர் அறைக்குள் நுழைந்து, நாய் மியாவ் என்று கத்துகிறது என்று மழலையில் சொல்லிவிட்டு, தகப்பன் என்ன சொல்வார் என்று பார்த்தாளாம். சிரிப்புத்தான், ஆனால் சற்று நடிப்பு கலந்த சிரிப்பு. நீயும் சிரி என்று அழைக்கிற சிரிப்பு. தந்தை உடனே விளையாட்டில் சேர்ந்துகொண்டு பிராணிகளின் குரல்களையெல்லாம் தலைகீழாக்கினார். நாய் குரைக்கும் என்பதில் அணுவளவு சந்தேகம் இருந்தாலும் குழந்தையால் இதில் சிரிக்க முடியாது. குரைக்கும் என்று கற்றது உறுதிப்பட்ட பிறகே, அந்த உறுதியைச் சோதித்துக்கொள்ளவும் கொண்டாடவும் அது நாயை மியாவ் என்று கத்த வைக்கிறது. உலக நாடுகளின் குழந்தைப் பாட்டுக்களில் தலைகீழ்ப் பாட்டு ஏன் நிறைந்திருக்கிறது என்பதற்கு அவர் கண்ட காரணம் இது. ரூஸோ முதலானோர் தேடிய பாடமுறை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, ஒரு குழந்தையே வகுத்துத் தந்ததாக முடிந்தது.

அதே நூலில் இரண்டு சம்பவங்கள். மாஸ்கோவில் கல்வியியல் கற்ற ஒரு தாய், தம் மகனுக்குத் தேவதைக் கதையின் வாடையும் படாமல் வளர்த்து, அவன் வளர்ச்சியை நாட்குறிப்பாக எழுதிவந்தார். பையன் தானாகவே சிவப்பு யானை ஒன்றைத் தன் அறையில் குடியேற்றினான். பெண்கரடி ஒன்றோடு சிநேகம் பிடித்தான். வீட்டுக்கு வந்தவர் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனால், அங்கே கரடி உட்கார்ந்திருக்கிறது என்று தடுத்தான். கொடுக்காத கதையைக் குழந்தை தானே சமைத்துக்கொண்டது. இன்னொன்று, மாய மந்திரக் கதைகளே கேளாமல் வளர்ந்த பிள்ளைகளிடம் ஆசிரியை ஒருவர் சுறாமீனைப் பற்றிச் சொன்னபோது நடந்தது. சுறா என்று ஒன்று கிடையவே கிடையாது என்று பிள்ளைகளில் ஒருவன் கூவினானாம். ரொட்டியும் முட்டைக்கோசும் பூட்ஸும் தவிர வேறு அதிசயம் எதையும் அறியாதவனுக்குக் கடலில் வாழும் மெய்யான பிராணியும் பொய்யாகப் பட்டது. பொய்யை நம்பிவிடுவான் என்று அஞ்சி வளர்த்ததன் பயன், மெய்யையும் நம்பாதவனாக அவன் ஆனதுதான்.

இக்காலத்து ஆரம்பப் பள்ளிகள் சிலவற்றில், கதை படித்து முடிந்ததும் இது நடக்கக்கூடியதா, நடக்கமுடியாததா என்று குழந்தைகளைக் கேட்டு, புத்தகங்களை இரண்டு அடுக்காகப் பிரிக்கச் செய்கிறார்கள். கேள்வி கதைக்குப் பின்னால் வருவது டிரிம்மர் அம்மையாரின் முறையைவிட மேல். ஆனால் பிள்ளை தெரியவில்லை என்று சொன்னால் அதையும் சரியான விடையாக ஏற்று, மூன்றாவது அடுக்கு ஒன்றுக்கும் மேஜையில் இடம் வைத்திருக்க வேண்டும். எட்ஜ்வொர்த்தின் கல்வி நூல் வெளிவந்ததற்கு மறு ஆண்டில், 1799-இல், பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஷா என்ற பிராணி நூல் வல்லவரின் மேஜைக்கு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பதப்படுத்திய தோல் வந்து சேர்ந்தது. மேலே அடர்ந்த மயிர், நான்கு கால்கள், முகத்தில் வாத்தின் அலகு. நாற்கால் பிராணியின் தலையில் யாரோ வஞ்சகமாக அலகை ஒட்டிவிட்டார்களோ என்று அவர் முதலில் ஐயுற்றார். நெருங்கிச் சோதித்தும் ஒட்டு எதுவும் தென்படவில்லை. பிராணியின் வருணனையையும் படத்தையும் அவர் வெளியிட்டபோது, தம் ஐயத்தையும் மறைக்காமல் கூடவே அச்சிட்டார். அடுத்தடுத்து வேறு தோல்களும் உடல்களும் கப்பலில் வந்து இறங்கிய பின்னரே பண்டிதர்களின் சந்தேகம் தீர்ந்தது.